அடைப்பு மடையிலா, வாய்க்காலிலா, மதகிலா: பேசாத இணையதளத்தைச் சரிசெய்வது

போன ஆடியில் மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு நான் கட்டிக்கொடுத்த தளத்தில் விதைநெல் பதிவு தொடங்கியது. தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா. முதல் நாளே திருவாரூரிலிருந்து ஒரு போன். வங்கியில் வேலை பார்க்கும் நண்பர், பார்வை இல்லாதவர். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளை வைத்துத்தான் தளங்களைப் பார்ப்பார். ஊரில் மூன்று மா நிலம் வைத்திருக்கிறார்.

"தம்பி, உங்க சைட்டுல நெல்லு எங்க இருக்கு? எனக்கு படம், படம், பட்டன், பட்டன்னுதான் படிக்குது."

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகச் சரிசெய்தேன். பத்து நாளில் அதே குறைகள் எல்லாம் திரும்ப வந்து நின்றன. அலுவலகத்தில் இருக்கும் பெண் புது அறிவிப்பு போட்டிருந்தார், அவ்வளவுதான். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நான் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலிலேயே நின்று மண்ணைக் கிளறும் விவசாயி உண்டா? முதலில் தன் மடையைப் பார்ப்பார், அப்புறம் வாய்க்காலோடு நடப்பார், அங்கும் அடைப்பு இல்லை என்றால் தலைமதகுக்குப் போவார். தளமும் அப்படித்தான். மடை என்பது நீங்கள் எழுதும் பதிவு. வாய்க்கால் என்பது தளத்துக்குத் தோற்றம் தரும் தீமும், கூடுதல் வசதி சேர்க்கும் பிளக்இன்களும். மதகு என்பது உள்ளடக்க மேலாண்மை மென்பொருள், அதாவது சிஎம்எஸ். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அடைப்பு எந்த மட்டத்தில் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மடை என்றால் ஐந்து நிமிடம். வாய்க்கால் என்றால் ஒரு நாள். மதகு என்றால் மென்பொருளையே மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டியதுதான். புதிதாக சிஎம்எஸ் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் இதே சோதனைகளை வாங்குவதற்கு முன்பே செய்துபார்த்தால் என்னைப் போல ராத்திரி முழிக்க வேண்டாம்.

தேவையானவை: ஒரு கீபோர்டு, ஓர் ஆண்ட்ராய்டு போன், விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான். என்விடிஏ இலவசம். போனில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கும். ஆனால் அதை எப்படி அணைப்பது என்று தெரிந்துகொண்ட பிறகே இயக்குங்கள். இயக்கினால் தொடும் முறையே மாறிவிடும்: ஒரு தட்டு தட்டினால் படித்துக்காட்டும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். முதல் தடவை நான் அணைக்கத் தெரியாமல் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நின்று போனோடு மல்லுக்கட்டியதை நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒலி விசை இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அணையும்படி அமைப்புகளில் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, தளத்தின் நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு அதில்தான் சோதிக்க வேண்டும். ஓடுகிற தளத்தில் கை வைக்காதீர்கள்.

தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரலில் உளறுகிறது, அல்லது வாயே திறப்பதில்லை

நம் ஊர்த் தளங்களில் நான் அதிகம் பார்த்த நோய் இது. இதற்கு மூன்று காரணம் உண்டு, வரிசையாகப் பாருங்கள்.

முதலில் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், காதுக்கு ஜேகேபிஓ. யூனிகோடுதான் அரசின் எழுத்துத்தரம் என்று 2010லேயே தமிழக அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் அச்சகத்திலிருந்து வரும் கோப்பு இன்னமும் பழைய எழுத்துருவில்தான் வருகிறது. இது மடைக் கோளாறு. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ஒரு தடவை கண்ணால் மெய்ப்புப் பார்த்து ஏற்றுங்கள். ரகரமும் துணைக்காலும், ஒற்றும் புள்ளியும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

எழுத்து சரியாக இருந்தால், பக்கத்தின் மூலநிரலைத் திறந்து மேலே முதல் சில வரிகளைப் பாருங்கள். எச்டிஎம்எல் குறிச்சொல்லில் 'லாங்' என்ற பண்பு இருக்கும். தமிழுக்கு 'டிஏ' என்றோ 'டிஏ-ஐஎன்' என்றோ இருக்க வேண்டும். பெரும்பாலும் 'இஎன்-யுஎஸ்' என்று இருக்கும். திரைவாசிப்பான் எந்தக் குரலை எடுப்பது என்று முடிவுசெய்வது இதை வைத்துத்தான். உங்கள் சிஎம்எஸ் வேர்ட்பிரஸ் என்றால் அமைப்புகளில் 'பொது' என்ற பக்கத்துக்குப் போய் தள மொழியைத் தமிழாக்குங்கள். நிர்வாகப் பலகை தமிழில் வேண்டாம் என்றால் பயனர் விவரப் பக்கத்தில் உங்களுக்கு மட்டும் ஆங்கிலம் வைத்துக்கொள்ளலாம். இதைத் தெரியாததால்தான் பலர் தள மொழியையே ஆங்கிலத்தில் விட்டுவைக்கிறார்கள்.

மாற்றியும் மாறவில்லையா? தீம் எழுதியவர் மொழியைக் கையாலேயே அடித்து வைத்திருப்பார். அது வாய்க்கால். தள மொழிப் பட்டியலில் தமிழே இல்லாத ஒரு கட்டணச் சேவையையும் பார்த்திருக்கிறேன். அது மதகு. பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த வாடிக்கையாளருக்கு ஓராண்டுச் சந்தா மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது காரணம், கேட்பவரின் கருவியில் தமிழ்க் குரல் இல்லாமல் இருப்பது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழ் படிக்கும், கொஞ்சம் இயந்திரத்தனமாக. விண்டோஸில் தமிழ் மொழித் தொகுப்பை நிறுவினால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும். இது உங்கள் தளத்தின் கோளாறு அல்ல, சொல்லிக்கொடுத்தால் போதும்.

தமிழ்ப் பக்கத்துக்கு நடுவே ஓர் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் மொழியைக் குறிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிவதைத்தான் அணுகல்தன்மை என்கிறோம். அதற்கான டபிள்யூசிஏஜி எனப்படும் உலக வழிகாட்டியில் பக்க மொழி அடிப்படையான ஏ நிலை, பகுதி மொழி அதற்கு மேலே ஏஏ நிலை. நிரலைத் தொடாமல், எடிட்டரிலிருந்தே இதைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதும் நமக்கு, சிஎம்எஸ் தேர்வில் இது ஐரோப்பாவில் இருப்பவரைவிட முக்கியம்.

படத்துக்குப் படம் கோப்புப் பெயரைப் படிக்கிறது

"ஐஎம்ஜி கோடு 20230812 கோடு டபிள்யூஏ பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் ஏழு." வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே ஏற்றினால் இதுதான் காதில் விழும். ஆல்ட் எனப்படும் மாற்று உரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி, இல்லை. மடைக் கோளாறுதான், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது.

வேர்ட்பிரஸில் ஊடக நூலகத்துக்குப் போய் மாற்று உரையை எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். முடியாது. பதிவில் படத்தைச் சேர்க்கும் நேரத்தில் இருந்த மாற்று உரைதான் பதிவுக்குள் போயிருக்கும். நூலகத்தில் பிறகு மாற்றினாலும் பழைய பதிவுகள் மாறாது. ஒவ்வொரு பதிவாகத் திறந்து அந்தப் படத்தின் மேல் வைத்துத்தான் திருத்த வேண்டும். நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடை ஒன்றின் தளத்தில் நாற்பது விளக்குக்கும் நூலகத்தில் எழுதிவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒன்றுகூட வரவில்லை.

என்ன எழுதுவது? அந்தக் கடையில் நாற்பது படத்துக்கும் 'விளக்கு' என்று முன்பு யாரோ எழுதியிருந்தார்கள். வாங்குகிறவருக்கு அதில் என்ன தெரியும்? 'அன்னம் வைத்த குத்துவிளக்கு, ஐந்து முகம், இரண்டடி உயரம்' என்று எழுதினால் விளக்கு கண்முன் நிற்கும். அழகுக்காக வைத்த கோலக்கரை, பூ வளைவு போன்றவற்றுக்கு மாற்று உரையைக் காலியாக விடுவதே சரி. காலியாக விடுவது வேறு, ஆல்ட் பண்பே இல்லாமல் இருப்பது வேறு. முன்னதில் திரைவாசிப்பான் தாண்டிப் போய்விடும், பின்னதில் பல நேரம் கோப்புப் பெயரைப் படிக்க ஆரம்பித்துவிடும்.

படம் ஏற்றும்போதே மாற்று உரையை எழுதச்சொல்லி நிற்கும் மென்பொருளும் உண்டு. 2015இல் வந்த துருபல் 8 முதல் படப் புலத்தில் அது இயல்பாகவே கட்டாயம். வேர்ட்பிரஸ் கேட்கும், ஆனால் கட்டாயப்படுத்தாது. ஐந்தாறு பேர் பதிவேற்றும் இடம் என்றால் இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் துருபல் பக்கம் சாய்வேன். ஒருவர் மட்டும் என்றால் அவருக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம்.

இன்னொரு ரகம் இருக்கிறது: நோட்டீஸ். மகாசபைக் கூட்டம், விதைநெல் விலை, மழை நிவாரண விண்ணப்பம், எல்லாமே பூ போட்ட பார்டரோடு ஒரே படமாக வரும். அதற்கு ஆல்ட் எழுதி மாளாது. நோட்டீஸில் உள்ள அத்தனை விவரத்தையும் படத்துக்குக் கீழே எழுத்தாகப் போடுங்கள். படம் வேண்டாம் என்று தலைவரிடம் சொல்ல முடியாது, அவர் போட்டோ அதில்தானே இருக்கிறது.

டேப் விசையை அழுத்தினால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை

மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டு முகப்புப் பக்கத்தைத் திறந்து டேப் விசையை அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஏதாவது ஓர் இணைப்பைச் சுற்றி ஒரு கட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தீம் வடிவமைத்தவர் அந்தக் கட்டம் அசிங்கமாக இருக்கிறது என்று அழித்திருக்கிறார். கை நடுங்குகிறவர், மவுஸ் பிடிக்க முடியாதவர், திரைவாசிப்பான் வைத்திருப்பவர் எல்லோருக்கும் அந்தக் கட்டம்தான் கைவிளக்கு.

அப்புறம் மெனு. மவுஸை மேலே கொண்டுபோனால் விரியும் துணை மெனு, கீபோர்டில் விரிகிறதா? விரிந்ததை எஸ்கேப் விசையால் மூட முடிகிறதா? பக்கத்தின் முதல் டேப்பிலேயே 'உள்ளடக்கத்துக்குச் செல்' என்ற இணைப்பு வருகிறதா? அது இல்லை என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் முப்பது மெனு வரியைக் கேட்டுத்தான் செய்திக்கு வர வேண்டும். ஐயாறப்பர் கோயிலுக்கு உள்ளே போக ஒவ்வொரு தடவையும் நாலு வீதியையும் சுற்றிவரச் சொன்ன மாதிரி.

இது பெரும்பாலும் வாய்க்கால்தான். உறுதிசெய்ய ஒரு வழி: நகல் தளத்தில் இருக்கும் தீமுக்குப் பதிலாக, மென்பொருளோடு வரும் இயல்புத் தீம் ஒன்றைப் போடுங்கள். கோளாறு போய்விட்டதா, குற்றவாளி தீம். போகவில்லையா, பிளக்இன்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்குங்கள். எதை இயக்கியதும் கோளாறு வருகிறதோ அதுதான். எல்லாம் நிறுத்தியும் இயல்புத் தீமிலும் கோளாறு இருக்கிறது என்றால் மதகுக்குப் போகலாம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பாதிப் பேர் தீமின் குற்றத்துக்காக மென்பொருளையே மாற்றிவிட்டு, புது மென்பொருளிலும் அதே மாதிரி பளபளப்பான தீம் ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள்.

வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வத் தீம் களஞ்சியத்தில் 'அணுகல்தன்மைக்குத் தயார்' என்ற அடையாளத்தை வைத்து வடிகட்டித் தேடலாம். அந்த அடையாளம் கிடைக்க கீபோர்டு, கான்ட்ராஸ்ட் எனப்படும் எழுத்து-பின்னணி நிற வேறுபாடு, தலைப்பு அமைப்பு போன்றவற்றில் சோதனை உண்டு. அதனால் முழுத் தளமும் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை, ஆரம்பிக்க நல்ல இடம். இழுத்து இழுத்துப் பக்கம் கட்டும் பேஜ் பில்டர்களிடம் மட்டும் எனக்கு நம்பிக்கை குறைவு. எழுத்தைப் பெரிதாக்கத் தலைப்பு, இடைவெளி விட வெற்றுப் பத்தி என்று கண்ணுக்கு மட்டும் கட்டுவதை அவை பழக்கிவிடுகின்றன.

படிவத்தில் 'எடிட், எடிட், எடிட்' என்று மட்டும் சொல்கிறது

விதைநெல் பதிவுப் படிவம். பெயர், ஊர், கைபேசி, எத்தனை கிலோ. கட்டத்துக்குள்ளே வெளிறிய எழுத்தில் 'உங்கள் பெயர்' என்று இருக்கும், தட்ட ஆரம்பித்ததும் மறைந்துவிடும். கட்டத்துக்கு மேலே அதன் பெயரைச் சொல்லும் லேபிள் இல்லை, அல்லது இருந்தும் கட்டத்தோடு இணைக்கப்படவில்லை. சோதிப்பது சுலபம்: லேபிள் எழுத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். கட்டத்துக்குள் கர்சர் போனால் இணைந்திருக்கிறது. போகவில்லை என்றால் படிவப் பிளக்இன்னின் அமைப்பில் 'லேபிளை மறை' என்பதை யாரோ தேர்ந்திருப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பிளக்இன்னை மாற்றுங்கள். நல்லவை நிறைய இருக்கின்றன, இதற்காகச் சண்டை போட வேண்டாம்.

தவறைச் சொல்லும் விதத்தையும் பாருங்கள். வேண்டுமென்றே கைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தைக் குறைத்து அனுப்புங்கள். கட்டம் சிவப்பானால் மட்டும் போதாது. 'கைபேசி எண் 10 இலக்கம் இருக்க வேண்டும்' என்று எழுத்தில் வர வேண்டும், திரைவாசிப்பான் அதைத் தானாகப் படிக்க வேண்டும்.

நெளிந்த எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ட்சா இருந்தால் எடுத்தேவிடுங்கள். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2, உள்நுழைவதற்கு நினைவாற்றலையோ புதிர் விடுவிப்பதையோ மட்டுமே நம்பக் கூடாது என்று புது விதியே சேர்த்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொறிக் கட்டம் ஒன்றை வைத்து, தானாகப் படிவம் நிரப்பும் எந்திரங்களைப் பிடிக்கும் முறை பெரும்பாலான படிவப் பிளக்இன்களில் உண்டு. ஊர்த் தளத்துக்கு அது போதும்.

பிடிஎஃப் திறக்கிறது, ஆனால் மௌனம்

பிடிஎஃபில் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கப் பாருங்கள். தேர்வாகவே இல்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். தேர்வானால் நகலெடுத்து ஒட்டுங்கள். 'கொள்முதல்' என்பது கொம்பும் ககரமும் காலும் பிய்ந்து இடம் மாறி வரும். திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது, யூனிகோடிலோ ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. பிடிஎஃப் உருவாக்கிய மென்பொருள் கண்ணில் தெரியும் வரிசையை மட்டும் எழுதி வைத்தால் தேடலும் வேலை செய்யாது, வாசிப்பும் வேலை செய்யாது. நான் பார்த்தவரை நம் பக்கத்துத் தமிழ் பிடிஎஃப்களில் பாதிக்கு மேல் இந்த நிலைதான்.

பிடிஎஃபைப் பழுது பார்ப்பதில் நேரம் செலவழிக்காதீர்கள். விலைப்பட்டியல், கூட்ட அறிவிப்பு எல்லாவற்றையும் சாதாரணப் பக்கமாகப் போட்டுவிட்டு, அச்சடிக்க வேண்டுவோருக்குப் பிடிஎஃப் கூடவே இருக்கட்டும். இங்கேதான் சிஎம்எஸ் உதவ வேண்டும். விலைப்பட்டியலை அட்டவணையாகப் போட முடிகிறதா, முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறிக்க முடிகிறதா? வேர்ட்பிரஸ் அட்டவணையில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அதை இயக்கினால் '80' என்று மொட்டையாகப் படிக்காமல் 'கிலோ விலை, 80' என்று படிக்கும்.

வெயிலில் எழுத்து தெரியவில்லை, பெரிதாக்கினால் வெட்டுப்படுகிறது

விவசாயத் தளம் என்றாலே பச்சை. இலைப்பச்சைப் பட்டையில் வெள்ளை எழுத்து. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட் வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வழக்கமான இலைப்பச்சையில் வெள்ளை 3ஐக்கூடத் தொடாது. வெள்ளையில் சுத்த மஞ்சள் 1.07தான், மங்கலகரமாக இருக்கும், படிக்க வராது. பச்சையைக் கரும்பச்சையாக்குங்கள், வேலை முடிந்தது. சித்திரை வெயிலில் வரப்பில் நின்று போன் பார்க்கிற எல்லோருக்கும் இது உதவும். தீமின் வண்ணத் தட்டில் தேறிய நிறங்களை மட்டும் வைத்துப் பூட்டிவிட்டால் பதிவிடுகிறவர் மாற்ற முடியாது.

உலாவியில் 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழில் 'கூ', 'ஞூ', 'றூ' போன்றவற்றின் கீழ்வால் அடுத்த வரியில் இடிக்கும் அல்லது பெட்டிக்குள் வெட்டுப்படும். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரம் அது. வரி உயரத்தை ஒன்றரைக்கு மேல் வையுங்கள், பெட்டியின் உயரத்தை நிலையாகக் கட்டாதீர்கள். போனில் விரலால் பெரிதாக்கவே முடியவில்லை என்றால் தீமில் அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள், எடுக்கச் சொல்லுங்கள்.

மதிப்பெண் 100, ஆனால் நண்பர் இன்னமும் திட்டுகிறார்

தானியங்கிச் சோதனைக் கருவிகளால் சில குறைகளைத்தான் பிடிக்க முடியும். ஆல்ட் இருக்கிறதா என்று பார்க்கும், அதில் 'விளக்கு விளக்கு விளக்கு' என்று எழுதியிருந்தாலும் நூற்றுக்கு நூறு போடும். லைட்ஹவுஸ், வேவ், ஆக்ஸ் எல்லாம் ஓட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பிடிக்கும் சில்லறைக் குறைகளே உலகில் ஏராளம். வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஓட்டிப் பார்க்கிறது. 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் கருவியே பிடிக்கக்கூடிய குறை இருந்தது. அதில் முதலிடம் மங்கலான எழுத்துக்கு.

இங்கேதான் ஒரு விற்பனையாளர் வருவார். ஒரே வரி நிரல், மூலையில் சக்கர நாற்காலிச் சின்னம், எல்லாம் தானே சரியாகிவிடும் என்பார். வாங்காதீர்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தச் சின்னம் பெரும்பாலும் தொல்லைதான். எந்தத் தளத்தையும் தங்கள் கருவி விதிகளுக்கு உட்பட்டதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது.

பதிவு போடுகிறவராலேயே எடிட்டரை இயக்க முடியவில்லை

இந்த அறிகுறியை யாரும் தேடுவதில்லை. படிக்கிறவருக்கு மட்டும்தான் அணுகல்தன்மை என்று நினைத்துக்கொள்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளித் தளத்தில் அறிவிப்புகளைப் பதிவிடுவது வலது கை இயங்காத ஓர் ஆசிரியை. கீபோர்டில் அவர் அடிக்கும் வேகத்துக்கு நான் அடிக்க முடியாது. ஆனால் அந்தத் தளத்தில் பத்தியை மேலே கீழே நகர்த்த மவுஸால் இழுத்துத்தான் ஆக வேண்டும். "சார், அறிவிப்பு எழுத அஞ்சு நிமிஷம், அதை மேல ஏத்த அரைமணி நேரம்" என்றார்.

பதிவிடும் கருவிகளுக்கென்றே தனி வழிகாட்டி ஒன்று 2015 முதல் இருக்கிறது: ஏடிஏஜி 2.0. அதில் முதல் பாகம், கருவியை மாற்றுத்திறனாளியும் இயக்க முடிய வேண்டும் என்பது. இரண்டாம் பாகம், நல்ல பதிவு எழுதக் கருவியே உதவ வேண்டும் என்பது. சிஎம்எஸ் விற்கிறவரிடம் 'உங்கள் மென்பொருள் டபிள்யூசிஏஜிக்கு உட்பட்டதா' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஏடிஏஜி பற்றிக் கேளுங்கள், முகம் மாறும்.

சோதனை இது. மவுஸைத் தொடாமல் உள்நுழைந்து, ஒரு தலைப்பு, இரண்டு பத்தி, மாற்று உரையோடு ஒரு படம், ஓர் அட்டவணை சேர்த்து, இரண்டாம் பத்தியை முதலுக்கு நகர்த்தி, வெளியிட்டு, வெளியேறுங்கள். இது முடியாத மென்பொருளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

பெரிய பெயர் என்பதற்காக இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0இல் பத்தி, படம் என்று துண்டு துண்டாக அடுக்கும் பிளாக் எடிட்டர் வருவதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதன் அணுகல்தன்மைக் குழுவின் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். 2019இல் நடந்த வெளித் தணிக்கையும் நீளமான குறைப்பட்டியல் கொடுத்தது. அதற்கப்புறம் நிறையத் திருத்தினார்கள். இப்போது பத்தியை நகர்த்த மேல் கீழ் பொத்தான்கள் கீபோர்டில் கிடைக்கின்றன, வண்ணம் மங்கினால் எடிட்டரே எச்சரிக்கிறது. ஜூம்லா இன்னொரு சிஎம்எஸ். 2021இல் வந்த ஜூம்லா 4 நிர்வாகப் பலகையையும் சேர்த்தே டபிள்யூசிஏஜி 2.1 ஏஏ நிலையை இலக்காக வைத்துக் கட்டப்பட்டது. 4.1இல் பதிவின் குறைகளை முன்னோட்டத்திலேயே சுட்டிக்காட்டும் வசதி வந்தது. துருபல் விஷயத்தில் பதிப்பைக் கவனியுங்கள். துருபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மலிவாக அதில் கட்டித்தருகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்புங்கள்.

எவ்வளவு திருத்தினாலும் திரும்பத் திரும்ப வருகிறது

ஒரு நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டு, ஒவ்வொரு குறையையும் மடை, வாய்க்கால், மதகு என்று குறித்துவாருங்கள். மடையில் அதிகம் என்றால் பதிவிடுகிறவருக்கு ஒரு மதியம் பயிற்சி. வாய்க்காலில் அதிகம் என்றால் தீம் மாற்றம். மதகுப் பத்தியில் இரண்டு குறை விழுந்தாலே நான் மென்பொருளை மாற்றச் சொல்லிவிடுவேன். மாற்றுவதற்கு முன் பழையதிலிருந்து பத்துப் பதிவுகளை ஏற்றுமதி செய்து புதியதில் இறக்கிப் பாருங்கள். மூடிய சேவை ஒன்றிலிருந்து வெளியேறியபோது எழுத்தெல்லாம் வந்தது, எழுதி வைத்த மாற்று உரை ஒன்றும் வரவில்லை. நாற்பது விளக்குக்கும் மறுபடியும் எழுதினேன்.

'இதெல்லாம் கட்டாயமா?' என்று வாடிக்கையாளர் கேட்பார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சேவை தருவோரைப் பற்றிப் பேசும்போது அரசு, தனியார் இரண்டையுமே சொல்கிறது. அரசுத் தளங்களுக்கு வழிகாட்டி நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. இந்தியத் தரநிலைகளில் இதற்கென்றே ஐஎஸ் 17802 இருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30இல் வந்த தீர்ப்பில் எண்ம (டிஜிட்டல்) வசதிகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்றது. இவ்வளவையும் சொல்வேன். அதோடு, உங்கள் பங்குதாரர் பட்டியலில் அறுபது தாண்டியவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்பேன். அதற்கு மேல் கேள்வி வருவதில்லை.

விலைப்புள்ளி கேட்கும்போது மூன்றே விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: டபிள்யூசிஏஜி 2.2 ஏஏ நிலை, எந்த இடத்தில் தேறவில்லை என்று ஒப்புக்கொள்ளும் அறிக்கை, பார்வையில்லாத ஒருவர் சோதித்துச் சொன்ன குறைகளைக் கூடுதல் பணம் கேட்காமல் திருத்தித் தருவது. எல்லாமே தேறிவிட்டது என்று அறிக்கை கொடுப்பவரைவிட, நாலு குறையை ஒப்புக்கொள்பவரை நம்பலாம்.

மன்னார்குடித் தளத்துக்குத் தீம், படிவப் பிளக்இன் இரண்டையும் மாற்றியது போதுமானதாக இருந்தது, வேர்ட்பிரஸ் அப்படியே இருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் நண்பர் தூயமல்லி பத்து கிலோ பதிவுசெய்துவிட்டுக் கூப்பிட்டார்.

"வந்துட்டேன் தம்பி. ஆனா எந்தத் தேதிக்கு வந்து வாங்கிக்கிறேன்னு கேட்டுச்சு பாரு, அங்க ஒரு காலண்டர். ஒண்ணாந்தேதியிலிருந்து ஒவ்வொரு கட்டமா எண்ணிட்டே போனேன். நாலு தடவ தவறிடுச்சு."

"சாரிண்ணே, இப்பவே எடுத்துடறேன்."

காலண்டரை எடுத்துவிட்டு நாள், மாதம், ஆண்டு என்று லேபிளோடு மூன்று கட்டம் வைத்தேன். வாய்க்கால் பத்தியில் ஒரு கோடு.